நூலகத்தைப் பிழைக்க வைத்த ‘முடியாது’

அன்புள்ள அம்மாவுக்கு,

எதையும் மறைக்காமல், நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன். உங்கள் முதுகுவலி குறைந்ததா? மாமா வீட்டில் நான் நலம்.

இன்று ஊர்க்கூட்டத்தில், நூலகத்தை மூடலாமா என்று கை தூக்கச் சொன்னார்கள். இரு பக்கமும் சமம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வரி, சாலைப் பள்ளம், வாஷிங்டன் என்று எல்லாவற்றையும் திட்டிக் களைத்த எல்டன் மாமா தூங்கிக்கொண்டிருந்தார். அத்தை இடித்ததும் வழக்கம்போல், “முடியாது!” என்று கத்தினார்.

“எதுக்கு முடியாதுன்னு தெரியுமாய்யா?” என்றார் தலைவர்.

“நீங்க எதைக் கொண்டாந்தாலும் முடியாதுதான்!”

ஒரே ஓட்டில் நூலகம் பிழைத்தது! மாமாவைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

இந்த வெர்மான்ட் குளிருக்குக் காலுறை அனுப்புங்கள். உங்கள் பழைய சட்டை ஒன்றும் வேண்டும். துவைக்காமலே அனுப்பலாம்.

அவசரமாக,
தாபிதா

பி.கு.: மாமா விளக்கை அணைத்துவிட்டார்.