அரிசி தானியேல் அடிக்கும் மணி

போன சனிக்கிழமை சாயங்காலம் நம் கோயிலின் பழைய மணி தானாக ஒரு அடி அடித்தபோது உள்ளே இருந்தவர்கள்: நான், உன் மகள் ஜெபா, அவளுக்கு மாமியாராக வரப்போகிற புளியங்குடி அம்மா, போதகர் ஐயா, கோயிலைப் பார்த்துக்கொள்கிற கோயில்பிள்ளை. இவ்வளவு பேர்தான். கணக்கில் ஓர் ஆள் விடுபட்டாலும் எனக்கு உறக்கம் வராது என்று உனக்குத் தெரியும். ஆனால் அந்தப் புளியங்குடி அம்மா இன்னொரு ஆளையும் சேர்த்துக்கொண்டாள். உன் அப்பாவை.

இதை எழுதுகிற கையில் இன்னும் நனைந்த சணல் கயிற்றின் மணம் இருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன். போய்விட்டவர்களுக்குக் கடிதம் எழுதுவது நம் சபையின் முறை இல்லை. ஜெபத்தில் ஆண்டவரிடம் சொல்லிவிட்டுத்தான் உட்கார்ந்திருக்கிறேன். அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்த புதிதில், கோயில் பெருக்குகிற முறை எனக்கு வந்தது. வீட்டுக்கு ஒரு பெண் வாரமுறை வைத்துப் பெருக்கவேண்டும் என்பது இங்கே வழக்கம். என் மாமியார் விளக்குமாற்றைக் கையில் கொடுத்து, "உள்ள பெருக்கு, வெளிய பெருக்கு, மணிக்கூண்டுப் பக்கம் மட்டும் போயிராத" என்றார். ஏன் என்று கேட்க எனக்கு வாய் இல்லாத காலம். அன்றைக்கு ஆனி மாதத்து முதல் சாரல். குற்றால மலையிலிருந்து பூந்தூவலாய் இறங்கி, கோயிலின் கல்சுவரெல்லாம் கறுத்துக்கொண்டு வந்தது. நான் பீடத்துப் படியைப் பெருக்கிக்கொண்டிருந்தேன். ணங். ஒரே ஒரு அடி. கயிற்றைப் பிடிக்க யாருமில்லை. துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினேன். வாசலில் உன் மேல்தான் போய் முட்டினேன்.

நீ சிரித்தாய். "எதுக்குட்டி இந்த ஓட்டம்? எங்க அப்பாதான். புதுப் பொண்ணுக்கு ஸ்தோத்திரம் சொல்லுதாரு."

நம் சிநேகம் அப்படித்தான் தொடங்கியது. உன் அப்பாவின் கதையை ஊர் எனக்கு ஆளுக்கொரு விதமாகச் சொன்னது. நீ சொன்னது மட்டும் மாறவே இல்லை. சபைக்குள் வழக்கு நடந்து, வெள்ளைக்காரர் கட்டிய இந்தக் கோயில் வருசக்கணக்காகப் பூட்டிக் கிடந்த காலம். அரிசியைக் கேரளாவுக்குக் கொண்டுபோகக் கூடாது என்று செங்கோட்டைப் பாதையெல்லாம் காவல் போட்டிருந்தார்கள். உன் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் மூட்டைகளை மணிக்கூண்டுக்குள் அடுக்கிவைத்து, தலைச்சுமையாக மலை தாண்டிக் கடத்தினார்கள். அரிசி தானியேல் என்றால் ஆரியங்காவு வரைக்கும் பயம். ஒரு நாள் இன்னொரு கூட்டம் பங்கு கேட்டு வந்தது. மணிக்கூண்டின் அடியிலேயே அவரை வெட்டிப் போட்டார்கள். உனக்கு அப்போது பால்பல் விழுகிற வயது. கல்லறைத் தோட்டத்தில் அவருக்கு இடமில்லை என்று சபை சொல்லிவிட்டது. கால்வாய்க் கரையில் புதைத்தார்கள். பிறகு ரோட்டை அகலப்படுத்தினார்கள். அந்த இடமும் தாரின் அடியில் போய்விட்டது.

"எங்க அப்பாமேல பஸ்ஸு போகுதுட்டி" என்று தென்காசிக்குப் போகும்போதெல்லாம் அந்த இடத்தில் சொல்வாய். சிரித்துக்கொண்டுதான் சொல்வாய். நான் மட்டும் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பேன்.

என் முறை வந்தாலும் உன் முறை வந்தாலும் நாம் சேர்ந்தேதான் பெருக்கினோம். மணிக்கூண்டு உன்னுடையது. வேறு எந்தப் பெண்ணும் அந்தப் பக்கம் போகமாட்டாள். கோயில்பிள்ளைக்கு முழங்கால் வலி. ஞாயிற்றுக்கிழமை மணி அடித்து முடித்ததும் கயிற்றைக் கொக்கியில் கட்டுகிற வேலையை, நான் இந்த ஊருக்கு வருவதற்கு முன்பே நீ வாங்கிக்கொண்டிருந்தாய். அவரும் "நல்லாயிரும்மா" என்று விட்டுவிட்டார். மெத்தனப் புத்தியால் எனக்கும் வெகுகாலம் எதுவும் தெரியவில்லை. ஒரு வைகாசியில்தான் பார்த்தேன். மற்ற மாதங்களில் தொய்வாகக் கட்டிவிட்டு வருகிறவள், அன்றைக்கு ஒரு காலைச் சுவரில் ஊன்றி, பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தாய்.

"என்னட்டி செய்யுத?"

நீ திரும்பக்கூட இல்லை. "கொடிக்கயிறு மழையில நனைஞ்சா வெறச்சு நிக்கும்லா. பாத்ததில்லையா? சணலு நனைஞ்சா சுருங்கும். சுருங்குனா மேல மணியோட நாக்க இழுக்கும். இழுத்தா அடிக்கும்."

நான் மேலே மணியை அண்ணாந்து பார்த்தேன். "அப்ப பேயி?"

"நாந்தான்."

"ஆண்டவர் வீட்டுல இருந்துக்கிட்டு சனங்களப் பயம் காட்டுதியே, பாவம் இல்லியாட்டி?"

நீ முடிச்சைப் போட்டு முடித்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தபடி என் எதிரே வந்து நின்றாய். அந்த முகத்தை நான் மறக்கவில்லை. "பயந்தாத்தான் அவரு பேரச் சொல்லுதாவ. சாரல் விழுந்த அன்னைக்கு ஒவ்வொரு வீட்டுலயும், 'ஏ, அரிசி தானியேல் அடிக்கான் கேட்டியா'ங்காவ. வேற எதுக்கு எங்க அப்பா பேர இந்த ஊரு சொல்லும்? கல்லு கிடையாது, குழி கிடையாது. பேயாவாவது இருந்துட்டுப் போட்டும்."

வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். சரி என்றும் ஆண்டவர் சொல்லவில்லை, தப்பு என்றும் சொல்லவில்லை. அடுத்த வைகாசியில், கயிறு நாக்கில் சரியாகப் பிடித்திருக்கிறதா என்று நீ மேலே ஏறிப் பார்க்க, உனக்காக நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன்.

ஜெபாவுக்கும் சொல்லக்கூடாது என்றாய். "அவளுக்கு அவ தாத்தா பேயாவே இருக்கட்டும். கள்ளக்கடத்தல்காரன்ங்கதுக்கு அது எவ்வளவோ மேலு" என்று சொல்லிவிட்டு, நீயே விழுந்து விழுந்து சிரித்தாய்.

பிறகு ஒலிபெருக்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மணியோசையை இப்போது அதில்தான் போடுகிறார்கள். பழைய மணியை யாரும் தொடுவதில்லை, உன்னைத் தவிர. போன வைகாசியில் மூச்சு வாங்க வாங்க வந்து கட்டினாய். ஐப்பசியில் நீ போய்விட்டாய். உன் கை கடைசியாகக் கட்டியது அப்படியே கொக்கியில் இருந்தது. இந்த வருசம் பெருக்கப் போகும்போதெல்லாம் அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவேன்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். சீசனுக்குக் குற்றாலத்துக்கு வந்த ஒரு கூட்டம், பேய் மணி அடிக்கும் கோயில் என்று நம் கோயிலைப் படம் பிடித்து யூடியூபில் போட்டுவிட்டது. அதில் உன் அப்பா பேரும் வந்துவிட்டது. புளியங்குடி அம்மா அதைப் பார்த்திருக்கிறாள். நேரில் பார்த்துப் பேசத்தான் வந்தாள். கோயில் அழகாயிருக்கிறது, கல்யாணத்தை இங்கேயே வைக்கலாம் என்று அவள் மனம் இளகி வந்த நேரம். வெளியே சாரல் விழுந்தது. ணங்.

அந்த அம்மா பையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டாள். "பொண்ணோட தாத்தாதானாமே? தாலி கட்டி நாங்க கூட்டிட்டுப் போகும்போது அவரும் கூடவே வந்துட்டாருன்னா, நாங்க எங்கன போவோம்? இந்தப் பேச்சே வேண்டாம்மா."

போதகர் ஐயா விசேஷ ஜெபம் வைத்து விரட்டிவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். சின்ன வயசு, நல்ல மனுசன், வேறு என்ன சொல்வார்? ஜெபா அழவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "சித்தி, நீங்களும் அம்மாவும்தான மணிக்கூண்டப் பெருக்குவிய. உங்களுக்கு ஒண்ணுமே தெரியாதா?"

உன் மகள் வாழ்க்கை ஒரு பக்கம், உன் அப்பா பேர் ஒரு பக்கம். நீ இருந்திருந்தால் எதை விட்டிருப்பாய்? கேட்க ஆள் இல்லை. நான் வாயைத் திறந்துவிட்டேன். எல்லாரையும் மணிக்கூண்டின் அடிக்குக் கூட்டிப்போனேன். கயிற்றைத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன்; நனைந்து கம்பி மாதிரி நின்றது. நீ சொன்னதை நீ சொன்ன மாதிரியே சொன்னேன். முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன், நகம்தான் உடைந்தது. ஜெபா என்னை விலக்கிவிட்டுக் குனிந்தாள். பல்லால் ஒரு இழுப்பு. அவிழ்ந்துவிட்டது.

"இது அம்மா எனக்கு டிபன் தூக்கு மேல துணி சுத்திப் போடுத முடிச்சுலா சித்தி. பள்ளிக்கூடத்துல தெனமும் பல்லாலதான் அவுப்பேன்" என்றாள். அப்போதுதான் அழுதாள். கயிற்று நுனியை மூக்கோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கோயில்பிள்ளை தரையில் உட்கார்ந்துவிட்டார். "அடிப் பாவி மவளே, நான் ராத்திரி ஒண்ணுக்குப் போவப் பயந்துக்கிட்டுக் கெடந்தேனே இத்தன வருசமா" என்றார். போதகர் ஐயாவுக்குச் சிரிப்பை அடக்கமுடியவில்லை. புளியங்குடி அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கயிற்றையும் ஜெபாவையும் மாறி மாறிப் பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள்.

"பேயின்னாத்தான் வேண்டாம்னேன். அப்பன் பேருக்காவ ஒருத்தி கட்டுன கயிறுன்னா எங்களுக்கு என்ன வந்தது? எங்கப்பா பேர எங்க வீட்டுல இப்ப யாரு சொல்லுதா?" என்றாள். பிறகு, "ஆவணியில இங்கனயே வைங்க" என்றாள்.

நிச்சயமாகிவிட்டது. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம். இதோடு முடிந்திருந்தால் உனக்கு எழுதியிருக்கமாட்டேன்.

திங்கட்கிழமை நல்ல சாரல். மணி அடிக்கவில்லை. நான் துணியை எடுக்காமல் முற்றத்திலேயே காது கொடுத்து நின்றேன். எதிர்வீட்டுக்காரி வேலிமேல் எட்டிப்பார்த்து, "என்னக்கா, தானியேலக் காணுமே? எங்க போயிட்டாரு மனுசன்?" என்றாள். செவ்வாய்க்கிழமையும் அடிக்கவில்லை. அன்றைக்கு யாரும் கேட்கவும் இல்லை.

நேற்று ஜெபா வந்து நின்றாள். "சித்தி, கட்டுங்க. கல்யாணத்தன்னைக்கு எனக்கு அது கேக்கணும்." அவள் மாமியாரிடமும் கேட்டுவிட்டாளாம். தாலி கட்டுகிற நேரத்தில் மட்டும் அடிக்காமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாளாம்.

போனோம். கட்டினேன், வழுக்கியது. மறுபடியும் இறுக்கிக் கட்டினேன். மேலே நாக்கு மணியோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது, சத்தமே வரவில்லை. கொஞ்சம் தளர்த்தினேன், முடிச்சே நழுவியது. ஜெபாவைக் கட்டச் சொன்னேன். கயிற்றை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பி என்னிடமே தந்தாள். "எனக்கு அவுக்கத்தான் சித்தி தெரியும். கட்டுதது எப்பவும் அம்மாதான்" என்றாள்.

உன் பக்கத்திலேயே நின்று அத்தனை வருசம் ஏணியைப் பிடித்தேன். உன் முகத்தைப் பார்த்தேன், மேலே மணியைப் பார்த்தேன், யாராவது வருகிறார்களா என்று வாசலைப் பார்த்தேன். உன் கையை நான் பார்க்கவே இல்லை.

ஆகையால் கேட்கிறேன். கொக்கியில் முதல் சுற்று வலத்திலிருந்தா இடத்திலிருந்தா? நுனியை எதற்குள் விட்டு இழுப்பாய்? எவ்வளவு தொய்வு விடுவாய்? ஆவணிக்கு அதிக நாள் இல்லை. சாரலும் அதுவரைதான் இருக்கும். கனவிலோ ஜெபத்திலோ, எப்படி முடியுமோ அப்படிச் சொல். கட்டிப் பழக ஒரு துண்டுக் கயிறு என் மடியில்தான் இருக்கிறது. சீக்கிரம் பதில் சொல்லுட்டி.