வாசலில் வைத்த கீரை

வெர்மான்ட்,
பிப்ரவரி 19

அன்புள்ள கோல்பிக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நீ நலமா என்று கேட்க வேண்டியதில்லை. முந்தாநாள் விசாரணை அறைத் திரையில் உன்னைப் பார்த்தேன். இளைத்திருக்கிறாய். தாடி உனக்குப் பொருந்தவே இல்லை. எனக்குக் கால் வீக்கம் அப்படியே இருக்கிறது.

உன்னைச் சிறையிலிருந்து முன்கூட்டி வெளியே விடுவதில்லை என்று முடிவாகிவிட்டது. உனக்கும் தாள் வந்திருக்கும். மறுபடி மனுப் போட இரண்டு வருடமாம். எனக்கு எழுபத்து நான்கு நடக்கிறது. இதயம் பாதிதான் வேலை செய்கிறது என்கிறார் டாக்டர். மீதிப் பாதி என்ன செய்கிறதென்று நான் கேட்கவில்லை.

நான் ஒரு தப்பு செய்துவிட்டேன், அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். நீ பழைய ஜன்னல்களை மூடியாகப் போட்டுச் செய்து கொடுத்த கண்ணாடிப் பாத்தியில் இந்தக் குளிருக்கும் பாலக் போட்டிருக்கிறேன். காலையில் இலையெல்லாம் உறைந்து செத்த மாதிரி கிடக்கும். பத்து மணி வெயிலுக்கு எழுந்து நிற்கும். உறைந்து தெளிந்த கீரைக்கு என்ன இனிப்பு! விளைந்ததில் மிஞ்சியதை அடுத்த வீட்டுப் படியில் வைத்துவிட்டு வருவது நம் தெரு வழக்கம்தானே. ஆறு குளிர்காலமாகச் சனிக்கிழமைதோறும் பிக்ஃபோர்ட் வீட்டுப் படியில் ஒரு பை வைத்தேன். நீ குடித்துவிட்டு ஓட்டிய வண்டியில் செத்தது அவர்கள் பெண். வேறெதைக் கொண்டுபோய் அந்தப் படியில் வைப்பேன்? கதவைத் தட்டியதில்லை. அவர்களும் எடுத்ததில்லை, அடுத்த வாரம் பழைய பையை எடுத்துக்கொண்டு புதியதை வைப்பேன். உன் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உன் அப்பா இருந்தபோது கேட்டுக்கொண்டே இருப்பார்.

விசாரணையில் க்ளைட் பிக்ஃபோர்ட் எழுந்து பேசியது திரையில் உனக்கு ஒழுங்காகக் கேட்டதோ என்னவோ. "வாரா வாரம் கீர கொண்டாந்து வைக்குது இந்தம்மா. எதுக்கு? எம் பொண்ணுக்கு வெல கீரையா? சனிக்கெழமையானா வாசக்கதவத் தொறக்கவே எம் பொண்டாட்டி பயப்படுறா" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை. உன்னை வெளியே கொண்டுவர வைத்த கீரை இல்லை அது, சத்தியமாக இல்லை. அதற்கும்தானோ என்று இப்போது எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அன்று இருட்டோடு பஸ் பிடிக்க ஓடிய அவசரத்தில் பாத்தியின் கண்ணாடியைத் தூக்கி முட்டுக் கொடுக்க மறந்துவிட்டேன். அன்றைக்கென்று பளீரென்று வெயில். வெளியே மூக்கு உறைகிற குளிராக இருந்தாலும் உள்ளே கீரை வெந்துவிடும், உனக்குத் தெரியாததா. எல்லாம் போச்சு என்றுதான் திரும்பி வந்தேன். பார்த்தால், கண்ணாடியை ஒரு சாண் தூக்கி விறகுக் கட்டையால் முட்டுக் கொடுத்திருக்கிறது. பனியில் பிக்ஃபோர்ட் வீட்டிலிருந்து வந்து திரும்பிய காலடி. க்ளைட் என்னோடு விசாரணை அறையில் இருந்தார். அப்படியானால் அவர் மனைவி ஆர்டிஸ்தான். மன்னித்துவிட்டாள் என்று நீயாகக் கதை கட்டிக்கொள்ளாதே. அவளும் தோட்டம் போடுகிறவள், செடி வேகிறதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, அவ்வளவுதான். ஒரு இலைகூடக் கிள்ளவில்லை. இனிமேல் அந்தப் படியில் நான் எதுவும் வைக்கப் போவதில்லை.

கோல்பி, உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. "ஏதாவது சொல்லணுமாப்பா?" என்று விசாரணை அதிகாரி இரண்டு தடவை கேட்டார். நீ மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தாய். எனக்கு எழுதும் கடிதங்களிலும் ஆறு வருடமாக "அந்த விபத்து", "அந்த விஷயம்" என்றுதான் எழுதுகிறாய். அவளுக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூட பஸ்ஸில் உனக்குப் பின் சீட்டில் உட்கார்ந்து போனவள். அவள் பெயர் டெலியா.

விடுதலைக்காகக் கேட்கவில்லை, க்ளைட்டுக்காகவும் கேட்கவில்லை. எனக்கு வரும் கடிதத்தில் அந்தப் பெயரை உன் கையால் ஒரே ஒரு தடவை எழுது. அது போதும். கடவுள் உன்னைக் கைவிடாமல் இருக்கட்டும். இரண்டு வருடம் காத்திருக்காமல் எழுதப்பா.

உன் அம்மா,
வெர்னா