அறுபத்து மூன்று டிகிரி

மார்ச் 3, செவ்வாய்

பள்ளியிலிருந்து வந்ததும் அம்மாவை எடை மெஷினில் ஏற்றினேன். 44.1. போன வாரம் 44.9. "நாப்பத்து மூணுக்குக் கீழ போனா அடுத்த மருந்தைத் தள்ளித்தான் போடணும்" என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். மொத்தம் ஆறு முறை மருந்து ஏற்ற வேண்டும். நான்கு முடிந்தது. ஐந்தாவது பத்தொன்பதாம் தேதி. தள்ளிப்போட்டால் என்ன ஆகும் என்று நான் கேட்கவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கேட்காத அந்தக் கேள்விதான் வீடு முழுக்க நடமாடுகிறது.

எதைத் தின்றாலும் ஆணியை நக்கினதுபோல் இருக்கிறதாம் அம்மாவுக்கு. வாயெல்லாம் புண். காரம், புளிப்பு எதுவும் ஆகாது. சமைக்கிற வாசனை வந்தாலே குமட்டல். ஆனால் இன்று கண்ணை மூடிக்கொண்டே, "சால்மன் சாப்பிடலாம் போல இருக்குடி" என்றாள். பதினோரு நாளில் அவளாக ஒன்றைக் கேட்டது இதுதான்.

மார்ச் 4, புதன்

அப்பா பஸ் ஓட்டுகிறவர். இந்த வாரம் பிற்பகல் வேலை. ஆகவே சமையல் என் தலையில். வாசனை உள்ளே வரக்கூடாது என்று ஏர் ஃப்ரையரைப் பால்கனியில் ஸ்டூல்மேல் வைத்து, வயரைக் கதவிடுக்கில் இழுத்து, கதவைச் சாத்தினேன். மெஷினும் வெளியே, நானும் வெளியே.

மருத்துவமனை கொடுத்த தாளில் 'எல்லாம் முழுமையாக வெந்திருக்க வேண்டும்' என்பதன் அடியில் இரண்டு கோடு போட்டிருக்கிறார்கள். அம்மாவின் உடம்பில் இப்போது எதிர்த்து நிற்க ஆளில்லை. பாதி வெந்த ஒரு வாய் போதும். அதனால் அப்பாவிடம் சொல்லி, குத்திப் பார்க்கிற வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருந்தேன். மீனின் நடுப்பகுதி 145 வரவேண்டும் என்று இணையத்தில் படித்தேன். குத்தினேன். 61. மறுபடி வைத்தேன். 78. மறுபடி. 90. அரை மணி நேரம் ஆகியும் 145 வரவே இல்லை.

வேலை முடிந்து வந்த அப்பா அதைத் தட்டில் தட்டிப் பார்த்தார். டக் டக் என்றது. "பாப்பா, இதுக்கு நாலு கால் வெச்சா உக்காரலாம்."

145 என்பது ஃபாரன்ஹீட்டாம். எங்கள் வெப்பமானி காட்டுவது செல்சியஸ். அதில் 63 போதும்.

"தலமாட்டுல அகராதி வெச்சுத் தூங்குறா, இது தெரியல அகராதி புடிச்சவளுக்கு" என்று அம்மா சிரித்தாள். சிரித்தது நல்லதுதான். ஆனால் அரை டம்ளர் பாலோடு படுத்துவிட்டாள்.

மார்ச் 5, வியாழன்

43.8.

மார்ச் 6, வெள்ளி

மீன் கடை அக்கா, "யாருக்கு?" என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். என்ன உடம்புக்கு என்று கேட்கவில்லை. "அப்ப வால் துண்டு வேணாம். முதுகுத் துண்டு தரேன், முள்ளு புடுங்கி. விரலால அமுக்கிப் பாரு, பள்ளம் விழக்கூடாது." நானே அமுக்கிப் பார்த்தேன். விழவில்லை. முள்ளை அவர் எடுத்த பிறகும் வீட்டில் மூன்று முறை தடவித் தேடினேன். ஒன்று கிடைத்தது. ஒன்று! கிடைக்காமல் இருந்திருந்தால்?

ஈரத்தைத் துணியால் ஒற்றி எடுத்தேன். வெண்ணெயில் நசுக்கிய பூண்டு, அரை ஸ்பூன் சோயா சாஸ், கொஞ்சம் தேன் கலந்து தடவிக் கால் மணி நேரம் வைத்தேன். இருநூறு டிகிரியில் ஒன்பது நிமிடம். எடுத்தபோது 71. பக்கவாட்டில் வெள்ளையாக ஏதோ கசிந்திருந்தது. கெட்டுப்போன மீனோ என்று முகர்ந்து பார்த்தேன். சூடு அதிகமானால் மீனின் புரதம் அப்படி வெளியே வருமாம்.

அம்மா இரண்டு வாய் சாப்பிட்டாள். "வாசனையெல்லாம் நல்லாருக்கு. பஞ்சு மாதிரி இருக்கு, அதான். கொஞ்சம் சாறா இருந்தா முழுங்கிடுவேன்."

மார்ச் 7, சனி

58 வந்ததும் எடுத்து மூடி வைத்தால், ஐந்து நிமிடத்தில் அதுவாகவே 63க்கு ஏறிவிடும் என்று படித்தேன். அப்படியே செய்தேன். மூடி வைத்திருக்கும்போது அம்மா கூப்பிட்டாள். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டேன். நடுவில் பளபளவென்று இருந்தது.

"நீ போய்ப் படி. நான் மெதுவா சாப்பிடறேன்."

இருபது நிமிடம் கழித்துப் போனால் தட்டு காலி! தோல்கூட இல்லை. "சூப்பர்டி" என்றாள். நான் குதித்ததில் கீழ்வீட்டுக்காரர் மேலே வந்து பார்த்துவிட்டுப் போனார்.

மார்ச் 8, ஞாயிறு

காலையில் 43.4. தட்டு காலி, எடை குறைவு. எப்படி? மெஷினை நகர்த்தி வைத்துப் பார்த்தேன். அதே 43.4.

மாலை

அம்மாவுக்கு ஜுரம். 38.7. முப்பத்தெட்டைத் தாண்டினால் உடனே கூட்டி வரச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா டாக்ஸியில் கொண்டுபோயிருக்கிறார். அம்மாவின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது.

நான் மீனைத் திரும்ப அளக்கவில்லை.

மூடி வைத்த பிறகு அளக்கணும்னு படிச்சேனே. படிச்சும் அளக்கலையே. நடுவுல பளபளன்னு இருந்துச்சே — அது வெந்ததா, வேகாததா? பாத்தேன்ல? பாத்துட்டுத்தானே குடுத்தேன்?

அப்பாவிடம் சொல்லவில்லை.

மார்ச் 9, திங்கள்

பள்ளியில் ஆசிரியை இரண்டு முறை என்னைக் கூப்பிட்டாராம். எனக்குக் கேட்கவில்லை. அப்பா தோசைக்கல்லைப் பார்த்துக்கொண்டே, "ஏன் பாப்பா சாப்பிடல?" என்றார். பசிக்கவில்லை என்றேன். மருத்துவமனையில் ரத்தம் எடுத்திருக்கிறார்களாம். ரத்தத்தில் மீன் தெரியுமா?

மார்ச் 10, செவ்வாய்

முகக்கவசம் போட்டு என்னை வார்டுக்குள் விட்டார்கள். அப்பா மருந்து வாங்கப் போனார். சொல்லிவிட்டேன்.

"அம்மா, சனிக்கிழமை மீன் வேகலம்மா. அம்பத்தெட்டுல எடுத்துட்டேன். திரும்ப அளக்கல. என்னாலதாம்மா உனக்கு ஜுரம்."

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள்.

"அந்த மீனை நான் சாப்பிடவே இல்லடி."

எனக்குப் புரியவில்லை.

"ஜன்னல் வழியா கீழ திரியற பூனைக்குப் போட்டுட்டேன். வாய் எரியுது, முழுங்க முடியல. நீயானா தினமும் கதவோரம் நின்னு என் வாயையே பாக்கறே. முடியலன்னு சொன்னா உன் மூஞ்சி சுருங்கிப் போயிடும். அதைப் பாக்கறதுக்குப் பூனையே தேவலன்னு…"

ஊசி மாற்ற வந்த நர்ஸ் அக்கா கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். "பூனை நல்லா இருக்குல்ல? அப்ப மீன் வெந்திருக்கு, விடு" என்றார். ஜுரம், மருந்து ஏற்றுவதற்காக அம்மாவின் கையிலேயே விட்டிருக்கிற குழாய் வழியாக வந்த தொற்றாம். ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிட்டதாம்.

ஒரு நிமிடம் உடம்பே லேசாகிவிட்டது. ஒரு நிமிடம்தான்.

"அப்ப பால்?"

"பால் ரெண்டு மடக்கு. மிச்சம் வாஷ்பேசின்ல."

"எத்தனை நாளா?"

அம்மா போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. நான் கொன்றுவிடுவேனோ என்று பயந்தேன். அவள் பட்டினி கிடந்திருக்கிறாள், என் மூஞ்சிக்காக! நர்ஸ் அக்காவிடம் நானே சொன்னேன், "இவங்க எதுவுமே சாப்பிடறதில்லையாம்." அம்மா என்னை முறைத்தாள். முறைக்கட்டும்.

மார்ச் 11, புதன்

மருத்துவர் அம்மாவைத் திட்டினாராம். "வாய் இவ்வளவு எரியுதுன்னு முதல்லயே சொல்லியிருக்கலாமே." சாப்பிடுவதற்கு முன்னால் கொப்பளிக்க, வாயை மரத்துப்போக வைக்கிற மருந்து ஒன்று தந்திருக்கிறார்.

மார்ச் 14, சனி

அம்மா வீட்டுக்கு வந்தாள். 42.8. ஐந்தாவது மருந்தைத் தள்ளிப் போட்டுவிட்டார்கள். இருபத்தாறாம் தேதி பார்ப்பார்களாம். எதற்குப் பயந்தேனோ அதுவே நடந்துவிட்டது. அப்பா காலண்டரில் பத்தொன்பதை அடித்துவிட்டு இருபத்தாறைச் சுற்றி வட்டம் போட்டார். வட்டம் கோணல்.

மார்ச் 17, செவ்வாய்

58இல் எடுத்தேன். மூடினேன். அம்மா கூப்பிட்டாள். "இரும்மா!" என்று கத்தினேன். ஐந்து நிமிடம் கழித்து மூன்று இடத்தில் குத்தினேன். 63, 64, 63.

கதவோரம் நிற்கவில்லை. கூடத்தில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன்.

நாலு வாய். மிச்சத்தைத் தட்டோடு வாங்கிக்கொண்டேன். என் மூஞ்சி ஒருவேளை சுருங்கியிருக்கும். "பாரு, சுருங்குது" என்றாள்.

மார்ச் 21, சனி

43.0. நேற்று ஐந்து வாய். இன்று வாந்தி.

மார்ச் 25, புதன்

43.5. ஐந்தாவது மருந்துக்கு நாளை காலை ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டும். அப்பா விடுப்பு சொல்லிவிட்டார். எனக்கு இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது.

சாயங்காலம் மீன் வைத்தேன். அம்மா கொப்பளித்துவிட்டு வந்து, "இங்கயே உக்காரு" என்று பக்கத்தில் இடம் காட்டினாள். உட்கார்ந்தேன். ஆறு வாய் சாப்பிட்டாள். ஏழாவது வாயைக் கையில் எடுத்தவள், கொஞ்ச நேரம் அதையே பார்த்துவிட்டுத் திரும்ப வைத்தாள்.

"முடியலடி" என்று தட்டை என் பக்கம் நகர்த்தினாள்.

"சரிம்மா" என்றேன்.