குடை டி, தொந்தி டி

12-9-83, திங்கள்

காலை மழை. ஒன்பதுக்கு விட்டது. பத்துக்குள் சாலை காய்ந்துவிட்டது.

கல் ஏற்றும்போது இருந்தவர்கள்: இவர் (என் வீட்டுக்காரர்), என் அண்ணன் மாணிக்கம், கல் அனுப்புகிற செடி நர்சரி காதர் நானா, நான். மொத்தம் நால்வர். நானாவின் நாய் கணக்கில் இல்லை.

சரக்கு: ஆற்றுக்கல், உரச்சாக்கில் கட்டியது. சாக்குக்கு ஒரு பிக்குல், அதாவது 60½ கிலோ. இறக்கும் இடம்: தம்பூன் தாண்டி மேட்டு பங்களா. அங்கே புதிதாகப் பூந்தோட்டம் போடுகிறார்கள்.

28 ஏறியதும் எங்கள் பிக்கப் வண்டி பின்னால் குந்திக்கொண்டது. மூக்கு மேலே.

"மச்சான், பிளேன் மாதிரி கெளம்பப் போவுது லா" என்றார் அண்ணன்.

"மேட்டுக்குத்தானே போவுது, சரியா இருக்கும்" என்றார் இவர்.

நானா என் பக்கம் திரும்பி, "கணக்குப்பிள்ளையம்மா என்ன சொல்றாங்க?"

வண்டிக் கதவில் வெள்ளைச் சாயத்தில், இங்கிலீஷ் எழுத்தில் எழுதியிருப்பது: பி.டி.எம். 1080. அதன் கீழே பி.டி.எம். 1770. எம் என்றால் மலாயில் முவாத்தான், சுமை. வண்டி வாங்கிய அன்றே அண்ணன் சொன்னது. இரண்டு எண் எதற்கு? சின்னது மழை நாளுக்கு, பெரியது வெயில் நாளுக்கு. இது நானே யோசித்துக் கண்டது. இவருக்குப் படிக்கத் தெரியாது. எண் பார்ப்பது என் பொறுப்பு.

சாலை காய்ந்துவிட்டதே, ஆகையால் பெரிய எண். பெருக்கிப் பார்த்தேன்.

"இன்னும் ஒண்ணு ஏத்தலாம்" என்றேன்.

29. நோட்டில் எழுதியது: அளவுக்குள்.

முருகா, பத்திரமாகக் கொண்டுவந்து சேர்.

அதே நாள், நாலு மணி

வந்துவிட்டார்கள். அண்ணன் தேநீர் குடிக்காமல் கிளாசைத் தரையில் வைத்துவிட்டார்.

பங்களா மேட்டில் பாதி ஏறியதும் வண்டி நின்று, பின்னால் உருள ஆரம்பித்திருக்கிறது. பிரேக் மிதித்தால் பஞ்சு மாதிரி இறங்கியதாம். அண்ணன் குதித்து ஒரு கல்லைப் பிடுங்கிச் சக்கரத்துக்கு அடியில் போட்டிருக்கிறார். சக்கரத்துக்கும் மதிலுக்கும் நடுவே நின்றுகொண்டு.

இவர் சிரிக்கிறார். "கல்லு ஏத்திட்டுப் போனது நல்லதாப் போச்சு. மண்ணு ஏத்தியிருந்தா என்னத்த வைப்பாரு?"

அண்ணன் சிரிக்கவில்லை.

"ஓவரா ஏத்திட்டோமோ?" என்று கேட்டேன்.

"நீதான கணக்குப் போட்டுக் குடுத்த. கணக்குல தப்பு இருக்காது. வண்டிக்குத்தான் வயசாச்சு" என்றார் இவர்.

மீதி 29 சாக்கு வரும் திங்கள் ஏற்ற வேண்டும். துணி ஊற வைக்க மறந்துபோனேன்.

14-9-83, புதன்

வெயில். பட்டறையில் பிரேக் இறுக்கியாயிற்று என்றார். மனம் இறங்கவில்லை. நேற்றுக் கனவில் மதில் வந்தது, மதில் மட்டும். திருஷ்டியாக இருக்கும். வெள்ளிக்கு எலுமிச்சை நாலு வாங்க வேண்டும், சக்கரத்துக்கு ஒன்று.

கதவு எழுத்து வெளுத்துவிட்டது. "உன் கையெழுத்துத்தான் நல்லா இருக்கும், நீயே அடிச்சிடு" என்று இவர் சாயமும் தூரிகையும் கொடுத்துவிட்டு வேலைக்குப் போகாமல் தூங்கினார். வாசலில் முட்டி போட்டு எழுதினேன்.

மகள் சாந்தியின் பழைய புத்தகத்தைப் பார்த்து நானே கற்ற எழுத்து. மெதுவாகத்தான் வரும். மேல் வரியின் நடு எழுத்து குடை மாதிரி, மேலே ஒரு கோடு, கீழே ஒரு கம்பு. கீழ் வரிக்கு வந்தேன். நடு எழுத்து குடை இல்லை. தொந்தி வைத்த எழுத்து.

இரண்டையும் நோட்டில் 'டி' என்றே எழுதியிருக்கிறேன். வாயால் சொன்னாலும் டி, தமிழில் எழுதினாலும் டி.

வேறு எழுத்து என்றால் வேறு அர்த்தம் அல்லவா?

தூரிகையைக் கழுவவில்லை. காய்ந்துவிட்டது. நல்ல தூரிகை.

15-9-83, வியாழன்

மேகம். காற்று இல்லை.

பக்கத்து வீட்டு மலாய் அக்கா, காக் ரொக்கியாவிடம் புளி கேட்கிற சாக்கில் வாசலுக்கு அழைத்து வந்து கதவைக் காட்டினேன். அவர் கணவர் முன்பு அரசாங்க லாரி ஓட்டியவர்.

குடை டி: தன்பா. சுமை இல்லாமல் எடை. வெறும் வண்டி 1080.

தொந்தி டி: டெங்ஙான். சுமையோடு எடை.

"சுமை மட்டும் 1770 இல்லையா?" என்று மலாயில் கேட்டேன்.

"லோரி செகாலி லா, செல்லம்மா!" வண்டியும் சேர்த்துத்தான். சிரித்துவிட்டு என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

கழித்துப் பார்த்தேன். மூன்று தரம். 690 கிலோ.

பதினோரு சாக்கு.

நான் ஏற்றச் சொன்னது 29.

புளியைக் கையில் பிடித்தபடியே நின்றிருந்தேன். ரசம் வைக்கவில்லை.

16-9-83, வெள்ளி

விளக்கேற்றினேன். எலுமிச்சை வாங்கியும் சக்கரத்தில் வைக்க மனம் வரவில்லை. திருஷ்டி யாருடையதும் இல்லை.

நோட்டை முதல் பக்கத்திலிருந்து பார்த்தேன். மாட்டுச்சாணம், ஆற்றுமணல், புல்தரை, கருங்கல். பதினொரு மாத நடை. ஒவ்வொரு வரியின் முடிவிலும் என் கையால்: அளவுக்குள். அளவுக்குள். அளவுக்குள்.

மழை நாளிலும் 17 சாக்கு ஏற்றியிருக்கிறோம். அதுவும் அதிகம். ஒரு நாள்கூடச் சரியாக இல்லை.

இவரிடம் எப்படிச் சொல்வது? 'செல்லம்மா படிச்சிருவா' என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்.

அண்ணன் இன்று வரவில்லை. முதுகுவலி என்று ஆள் வந்து சொன்னது. முதுகுவலியாக இராது.

17-9-83, சனி

புரட்டாசி பிறந்தது. சைவம். சாம்பார், முட்டைக்கோசுப் பொரியல், அப்பளம். பெருமாளுக்குத் துளசி.

இவர் சாப்பிட்டுக் கை கழுவியதும் சொன்னேன். நின்றுகொண்டே சொன்னேன்.

"என்னங்க, கதவு எழுத்த நான் தப்பாப் படிச்சிட்டேன். வண்டியும் சேர்த்துத்தான் அந்த எண்ணு. பதினோரு சாக்குதான் ஏத்தணும்."

வெகுநேரம் துண்டால் கையைத் துடைத்தார். காய்ந்த பிறகும்.

"இவ்வளோ நாளு?"

"இவ்வளோ நாளும்."

"யாருக்கும் தெரிய வேணாம். மச்சானுக்கும்."

"திங்கக்கெழம?"

"ஏத்திக்கிறேன்னு நானாகிட்டச் சொல்லியாச்சு. பிரேக்குதான் பாத்தாச்சே. ஒரு நாளு லா."

"அண்ணன் மறுபடியும் கீழ குதிக்கணுமா?"

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னைப் பார்க்காமல் வண்டிக் கதவை மட்டும் பார்த்தார், என் புது எழுத்தை.

18-9-83, ஞாயிறு

தூறல்.

வண்டிச் சாவி எப்போதும் சாமி மேடையில், முருகன் படத்துக்குப் பின்னால். காலையில் விபூதி பூசிய பிறகு நான்தான் எடுத்துக் கொடுப்பேன். வண்டி வாங்கிய நாள் முதல் அப்படி. இன்று கேட்டார், டயருக்குக் காற்று அடிக்கவாம். கொடுக்கவில்லை.

"கல்லை எறக்கப் போறதுக்கு முன்னால உன்னக் கொண்டுபோயி தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில எறக்கணும்."

"எறக்குங்க. நான் பதினோரு சாக்குக்குக் கம்மிதான்."

சிரிப்பு வந்துவிட்டது அவருக்கு. அடக்கிக்கொண்டு வெளியே போனார். ஆனால் கையை மேடைப் பக்கம் நீட்டவில்லை.

அண்ணன் வீட்டுக்குப் போனேன். எல்லாம் சொன்னேன். இவர் வேண்டாம் என்றதையும் சேர்த்து. அண்ணன், "முவாத்தான்னா சுமைன்னு சொன்னது நான்தான தங்கச்சி" என்றார். அழுகை வந்தது. இருவருக்கும்.

கடிதம் எழுதினேன். அண்ணன் கையில் கொடுத்தனுப்பினேன். நகல்:

மதிப்புக்குரிய காதர் நானா அவர்களுக்கு. வண்டிக் கதவில் உள்ள எடையை நான் தவறாகப் படித்துவிட்டேன். தவறு என்னுடையது, ஓட்டுகிறவருடையது அல்ல. இனி நடைக்குப் பதினோரு சாக்குதான் ஏறும். நாளை ஏற்ற வேண்டிய 29 சாக்கை மூன்று நடையாக, 11, 11, 7 என்று இறக்கித் தருகிறோம். வண்டி எண்ணெய்ச் செலவு எங்கள் பொறுப்பு. மாலை ஆகிவிடும் என்று பங்களாக்காரரிடம் தாங்கள் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஒரே நடைதான் வேண்டும் என்றால் வேறு லாரிக்குச் சொல்லிவிடுங்கள், வருத்தம் இல்லை. தங்கள் பதில் வரும்வரை சாவி சாமி மேடையில்தான் இருக்கும். காலை ஏழு மணிக்குள் அண்ணனிடமே பதில் சொல்லி அனுப்புங்கள்.