ட்யூபில் வைத்துப் பார்த்தீர்களா?

மார்ச் 3, செவ்வாய்

இன்று ஒரு பெரிய தப்பு மயிரிழையில் தவிர்ந்தது. ரத்த ட்யூபின் மேல் பேனாவில் எழுதிய 7 என்ற எண்ணை 1 என்று படித்துவிட்டார், நாங்கள் 'மீசை' என்று கூப்பிடும் ஆள். பதினோரு வருடமாக எங்கள் லேபில் ரத்தம் எடுப்பவர், அவரையே கண் ஏமாற்றிவிட்டது. நல்லவேளை, மனைவி கவனித்தாள். ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவள் அவள். வாங்குவது, விற்பது, ஆட்களை மேய்ப்பது என் வேலை.

"இனி பேனாவே வேணாம். பார்கோடு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதைப் படிக்க நல்ல ஸ்கேனரா நீங்களே பாத்து வாங்குங்க" என்றாள்.

உள்ளூர எனக்குக் குஷி. சாமான் வாங்குவதில் என்னை ஏமாற்ற ஒருவன் இனிமேல்தான் பிறக்கவேண்டும்.

மார்ச் 9, திங்கள்

விற்பனைக்காரர் மூன்று ஸ்கேனர்களை மேசையில் பரப்பினார். ஒன்று ஒற்றைச் சிவப்புக் கோடு அடிப்பது. ஒன்று படம் பிடித்துப் படிப்பது, விலை இரண்டரை மடங்கு. மூன்றாவது வயரில்லாதது. சிவப்புக் கோட்டை பிஸ்கட் பாக்கெட், சோப்பு, என் தலைவலி மாத்திரை டப்பா எல்லாவற்றிலும் வைத்தேன். எல்லாவற்றுக்கும் சட்டென்று 'பீப்'. அதையே எடுத்துக்கொண்டேன்.

"ட்யூப்ல வச்சுப் பாத்தீங்களா?" என்று மனைவி கேட்டாள்.

"பாக்காமலா?" என்றேன்.

பார்க்கவில்லை. அதனால் என்ன? பீப் பீப்தானே.

மார்ச் 10, செவ்வாய்

எதிர்க்கடைத் தையல்காரரிடம் பேண்ட் தைக்கக் கொடுத்தேன். துணி ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி ரசீதில் பின் அடித்துத் தந்தார். "என் பேரை எழுதலையே?" என்றேன். "பேரு எதுக்கு சார்? ஒரே பேர்ல நாலு பேர் வருவாங்க. துணியோட துணியை வச்சுப் பாத்தா முடிஞ்சுது" என்றார். அவருக்குச் சிறுநீரகக் கோளாறு, மாதாமாதம் எங்களிடம் பரிசோதனை. கால் வீங்கியிருக்கிறது. ஆனால் கிண்டலுக்குக் குறைச்சல் இல்லை: என் இடுப்பளவை எழுத நோட்டு பத்தாதாம்.

மார்ச் 16, திங்கள்

சனியன் பிடித்த ஸ்கேனர்! ட்யூபோ விரல் தடிமன். ஸ்டிக்கரை மோதிரம் மாதிரி சுற்றி ஒட்டினால் பாதிக் கோடு முதுகுப்பக்கம் போய்விடுகிறது. நாலு தடவை அடித்தால் ஒரு தடவை படிக்கிறது. வெறும் வயிற்றோடு வந்த கூட்டம் சத்தம் போட்டது.

மீசைதான் வழி கண்டுபிடித்தார். ஸ்டிக்கரை இரண்டிரண்டாக அடித்து, ஒன்றை ட்யூபில் ஒட்டி, இன்னொன்றை ரெஜிஸ்டரில் வரிசையாக ஒட்டுவது. ரெஜிஸ்டர் தட்டையானது, உடனே படிக்கும். அதே வரிசையில் ட்யூபைப் பரிசோதனை மெஷினில் அடுக்கவேண்டியதுதான். "கில்லாடிய்யா நீர்!" என்றேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் 'அன்னிக்கே கேட்டேனே' என்பாள்.

மார்ச் 19, வியாழன்

மீசையின் ஏற்பாட்டில் கூட்டம் பத்து மணிக்கே முடிந்தது.

மார்ச் 24, செவ்வாய்

காலையில் ரத்தம் கொடுத்துப்போன தையல்காரரின் ரிப்போர்ட்டை நானே தெருவைக் கடந்துபோய்க் கொடுத்தேன். சிறுநீரகம் கெட்டால் ரத்தத்தில் ஏறும் பொட்டாசியம் சரியான அளவில். "இந்த மாசம் ஜோரு!" என்றேன். சிரித்தார்.

திரும்பினால், மனைவி முகம் சரியில்லை. காலையில் வந்த ஒரு டீச்சருக்குப் பொட்டாசியம் எக்கச்சக்கம், இதயமே நின்றுவிடும் அளவு. பதறி அவரைக் கூப்பிட்டு மறுபடி ரத்தம் எடுத்திருக்கிறாள். சுத்தமாக ஒன்றும் இல்லை.

"அப்ப அந்த ரத்தம் யாரோடது?"

நான் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"ஒவ்வொரு ட்யூபையும் ஸ்கேன் பண்ணித்தானே வச்சீங்க?"

"ஆமா. மெஷின் கோளாறா இருக்கும். மெக்கானிக்கை வரச்சொல்றேன்."

எப்படி இவ்வளவு சுலபமாக வருகிறது எனக்கு?

மார்ச் 25, புதன்

மெக்கானிக் வந்தார். மெஷினில் ஒன்றும் இல்லை என்றார். ரெஜிஸ்டரை எடுத்துப் பார்க்கவேண்டும். நாளைக்கு.

மார்ச் 26, வியாழன்

எதிர்க்கடை பூட்டியிருக்கிறது. காலையில் குளிக்கப் போனவர் விழுந்துவிட்டாராம். ஆஸ்பத்திரி வாசலிலேயே உயிர் போய்விட்டது.

ரெஜிஸ்டரில் செவ்வாய்க்கிழமை வரிசையைப் பார்த்தேன். பதினாலாவது டீச்சர். அடுத்தது, பதினைந்தாவது, அவர்.

மார்ச் 28, சனி

மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவாள் என்று இருந்தேன். திட்டவில்லை. "புதன்கிழமை அவர் உயிரோட இருந்தாருங்க" என்றாள், அவ்வளவுதான். பிறகு சுகாதார அலுவலகத்துக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தாள். என் தப்பு என்று எழுதச் சொன்னேன். "கையெழுத்து என்னோடது" என்றாள்.

மார்ச் 30, திங்கள்

மனைவி ஒரு காலி ட்யூபில் ஸ்டிக்கரை ஒட்டினாள் — குறுக்கே சுற்றி இல்லை, ட்யூபின் நீளவாக்கில், நிமிர்த்தி. அந்த ஸ்கேனரையே எடுத்து அடித்தாள். பீப். இன்னொரு ட்யூப். பீப். பத்துக்குப் பத்தும் படித்தது. மீசை சுவரைப் பிடித்தபடி அழுதார்.

ஸ்கேனர் மேலும் தப்பில்லை. ஒரே ஒரு ட்யூபை அன்றைக்கே மேசையில் வைத்திருந்தால்! ஐந்து நிமிஷ வேலை. ஐயோ, வெறும் ஐந்து நிமிஷம்.

ஏப்ரல் 4, சனி

தையல்காரர் வீட்டுக்குப் போனோம். நான்தான் சொன்னேன், ட்யூப் மாறியதை, நான் மறைத்ததை. அவர் மனைவி குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு, "அவருக்கு வாழைப்பழம்னா உசுரு தம்பி. அதுல பொட்டாசியம் ஜாஸ்தின்னு டாக்டர் சொன்னதால ரெண்டு வருஷமா தொட விட்டதில்ல. அன்னிக்கு உங்க ரிப்போர்ட்டைப் பாத்துட்டு நான்தான் உரிச்சுக் குடுத்தேன்" என்றார்.

என் மனைவி அந்த அம்மாவின் கையைப் பிடித்தாள். அவர் கையை விலக்கிக்கொண்டார்.

ஏப்ரல் 8, புதன்

அதிகாரிகள் வந்து லேபை மூடிவிட்டார்கள்.

ஏப்ரல் 11, சனி

எதிர்க்கடை திறந்திருந்தது. தைத்து முடித்த துணிகளை அந்த அம்மா திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் போகவேண்டாம் என்றுதான் இருந்தேன். அவரே ஆள்விட்டு அழைத்தார். வரிசையில் நின்றேன்.

"ரசீது?"

நீட்டினேன். என் முகத்தைப் பார்க்கவில்லை. பின்னை எடுத்து, அந்தத் துண்டைப் பேண்டின் மேல் வைத்தார். ஜன்னல் பக்கம் திரும்பி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்துப்போட்டு இன்னொரு தடவை பார்த்தார். பின்னால் நின்றவர்கள் பொறுமையாகக் காத்திருந்தார்கள்.

"உங்களோடதுதான்" என்றார். கொடுத்துவிட்டு, அடுத்த ரசீதுக்குக் கையை நீட்டினார்.