நான் கிழித்தெறிந்த முருகைக்கல் பக்கம்

சிநேகிதரே,

ஐப்பசி மழை பிடித்து நான்கு நாளாகிறது. சுவரெல்லாம் ஓதம் ஏறிவிட்டது. அலமாரியில் இருக்கும் உம்முடைய முருகைக்கல், அந்தப் பவளப்பாறைத் துண்டு, மறுபடியும் நாற ஆரம்பித்திருக்கிறது. வீட்டுக்காரியைக் கூப்பிட்டு மோந்து பார்க்கச் சொன்னேன். "வெறுங்கல்லுல்லா இது. எனக்கு ஒண்ணும் நாறலியே" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். ஆக, எனக்கு மட்டும்தான் நாறுகிறது. அழுகின மீனும் தேங்கின உப்புத்தண்ணீரும் சேர்ந்த அதே நாற்றம்.

நாம் இருவரும் திருநெல்வேலியில் ஒரே பள்ளிக்கூடத்து வாத்தியார்கள். நீர் தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கர், சங்கு குளிக்கிற வீட்டுப் பிள்ளை. நான் எதிரே மீன்கூடை வந்தால் தெரு மாறிப் போகிற சைவன். நம் இரண்டு பேரையும் சேர்த்து ஒரு புத்தகம் எழுதச் சொன்னவர்களுக்கு என்ன துணிச்சல் என்று இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. பிள்ளைகளுக்கான சின்னப் புத்தகம். முதல் பாதி என்னுடையது: தாமிரபரணி மலையிலிருந்து வண்டல் கொண்டுவந்து கொட்டிக் கொட்டி, கப்பல் வந்த கொற்கையை உள்நாட்டு ஊராக்கின கதை. அங்கே கிணறு தோண்டினால் கடற்சிப்பி வரும் என்று எழுதினேன். இரண்டாம் பாதி உம்முடையது: தூத்துக்குடிக்கு எதிரே கிடக்கும் தீவுகள் எப்படி உண்டாயின என்று.

எழுதி முடித்த தாளையெல்லாம் என்னிடம் கொடுத்தீர். அச்சுக்கூடத்துக்கு அனுப்புகிற பொறுப்பு எனக்கு. அதில் ஒரு பக்கம் என்னைப் பிடித்துக் குலுக்கிவிட்டது. முருகைக்கல் கல்லே அல்ல, கோடிக்கணக்கான சிறு பிராணிகள் தமக்குக் கட்டிக்கொண்ட வீடு. அவை சாகச் சாக அவற்றின் மேல் புதியவை கட்டும். அது உடைந்து குவிந்த மேட்டில்தான் தீவே நிற்கிறது என்று எழுதியிருந்தீர். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. அதைத் தண்ணீரிலிருந்து எடுத்து வெயிலில் போட்டால் சதை எப்படிச் சளியாக வழியும், எப்படி நாறும், பிறகு காளவாசலில் சுட்டால் எப்படிச் சுண்ணாம்பாகும் என்று எழுதி, கடைசி வரியில், "குழந்தைகளே, வீட்டில் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவும் விரலைப் பாருங்கள்" என்று முடித்திருந்தீர். படிக்கிற நேரம் என் வாயில் வெற்றிலை இருந்தது. துப்பிவிட்டு வந்தேன்.

"இது வேண்டாம் வே, அசிங்கமா இருக்கு" என்றேன்.

"சிப்பியும் முருகையும் சுட்டுத்தான வே சுண்ணாம்பு? அத தெனம் மூணு வேள போடுதீரு. நான் எழுதுனா மட்டும் அசிங்கமா, பிள்ளைவாள்?" என்று சிரித்தீர். பிறகு, "உயிரோட ஒரு தடவ பாரும். பாத்துட்டு வெட்டணும்னா வெட்டும்" என்றீர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சொன்னபடியே கொண்டுவந்துவிட்டீர். மண்ணெண்ணெய்த் தகரத்தைச் சீயக்காய் போட்டுத் தேய்த்துக் கழுவி, கடல்தண்ணீர் நிரப்பி, அதற்குள் இந்தக் கல். தூத்துக்குடியில் ரயிலேறி, மணியாச்சியில் வண்டி மாறி, மடியில் வைத்துக்கொண்டு வந்தீராம். வேட்டியெல்லாம் உப்புக்கறை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, அதிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்து நீட்டினீர்.

"பைய வந்து பாரும். நெழல்ல வச்சா வாயத் தொறக்கும்."

நான் நடைவாசலைத் தாண்டவில்லை. தண்ணீர் அப்போதே லேசாக வாடை அடித்தது. வீட்டுக்குள் விடமாட்டேன், மாட்டுத்தொழுவத்துப் பக்கம் வையும், நாளைக்குப் பார்க்கிறேன் என்றேன். "நாளைக்கு இருக்காது வே" என்றீர். நான் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தகரத்தை மூடியிருந்த துணியை எடுத்ததும் எழுந்த நாற்றம் இருக்கிறதே! அதை எழுதப் போனால் பேனாவும் நாறும். வாந்தி எடுத்தேன். எடுத்த கையோடு உள்ளே போய் அந்தப் பக்கத்தைக் கிழித்து வாய்க்காலில் விட்டேன். அதற்குப் பதிலாக, "கடலுக்கடியில் வெண்மையான கற்பூக்கள் மலர்கின்றன" என்று நானே ஒரு வரி எழுதி அனுப்பினேன்.

புத்தகம் வந்தது. பரிசோதனைக்கு வந்த அதிகாரி, அருவருப்பான சங்கதி ஒன்றும் இல்லாமல் நாகரிகமாக இருக்கிறது என்று பாராட்டினார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு நான் பல்லைக் காட்டினேன் பாரும், அதைத்தான் இன்று வரை சகிக்க முடியவில்லை. பொய்யை எழுதிவிட்டு இளித்த இளிப்பு!

நீர் புத்தகத்தைப் புரட்டினீர். "பக்கம் எங்க வே?" என்றீர்.

"பிள்ளைகளுக்குக் குமட்டும்லா."

"பிள்ளைகளுக்கா, ஒமக்கா?" என்று கேட்டுவிட்டு, தொழுவத்துப் பக்கம் மழை கழுவிக் கிடந்த கல்லை எடுத்து மேல்துண்டில் முடிந்துகொண்டு போனீர். கோபப்பட்டுக் கத்தியிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

அந்த வருஷக் கோடையில் ஊரில் வாந்திபேதி வந்தது. பாளையங்கோட்டையில் உம் வீட்டுக்கு வந்தேன். வந்தேன் என்றா சொல்வது? தெருவில் நின்றேன். கற்பூரம் முடிந்த துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றேன். தூத்துக்குடியிலிருந்து வந்திருந்த உம் தமையனார் உள்ளே ஒற்றை ஆளாக எல்லாவற்றையும் வெறுங்கையால் அள்ளிக்கொண்டிருந்தார். வாசல்வழியாக உம் குரல் வந்தது.

"உள்ள வராதேயும் பிள்ளைவாள். நாத்தம் ஒமக்கு ஆகாது."

கேலியா, அக்கறையா என்று இன்றும் தெரியவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன். நான் நோய்க்குப் பயந்து நின்றதாக ஊரில் சொன்னார்கள். அதுவாக இருந்தாலும் மரியாதை. நான் நாற்றத்துக்குப் பயந்து நின்றேன். மறுநாள் நீர் உயிரோடு இல்லை.

இந்த ஆடியில் புத்தகத்தை மறுபடி அச்சடிக்கப் போவதாக ஆள் வந்து சொன்னார். உம் பக்கத்தைச் சேர்க்கலாம் என்றால், அது வாய்க்காலோடு போயிற்று. நானே எழுதலாம் என்று உட்கார்ந்தால், பார்க்காததை எப்படி எழுதுவது? தூத்துக்குடிக்குப் போனேன். உம் தமையனார் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. வள்ளத்தில் ஏற்றி முயல்தீவுக்குக் கூட்டிப்போனார். வழியெல்லாம் கக்கினேன். இடுப்பளவுத் தண்ணீரில் நிறுத்தி, சின்னதாக ஒரு கல்லைத் தகரத்தில் வைத்து, தம் நிழலை அதன்மேல் விழவிட்டு நின்றார்.

"அவசரப்படாதேயும். தம்பி இப்டித்தான் நிப்பான்" என்றார்.

அவர் எடுத்துவந்திருந்த உம் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்தேன். முதலில் பழுப்பு நிறத்தில் வெறும் மேடு பள்ளம். நெடுநேரம் கழித்து ஒரு குழிக்குள் நுங்குத் தோல் போல ஏதோ அசைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு கல் முழுக்கச் சின்னச் சின்ன வாய்கள். பார்த்து முடித்ததும் அதை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். கிளம்பும்போது, அன்று நீர் துண்டில் முடிந்துகொண்டு போன இந்தச் செத்த கல்லை என்னிடம் கொடுத்து, "ஒம்ம கிட்ட இருக்கட்டும்னு சொல்லிட்டுப் போனான்" என்றார்.

பக்கத்தை எழுதி அனுப்பிவிட்டேன். சளி, நாற்றம், காளவாசல், சுண்ணாம்பு விரல் எல்லாம் இருக்கிறது. உம்மைப் போல எழுத வரவில்லை. வெற்றிலையை விடவில்லை, பொய் சொல்வானேன். ஆனால் விரலைப் பார்க்காமல் ஒரு நாளும் வாயில் வைப்பதில்லை.

கல்லை வெளியே வைக்கவா என்று வீட்டுக்காரி கேட்டாள். வேண்டாம் என்றேன். உம் வீட்டுக்குள் வராத நான், உம்முடைய கல்லை என் வீட்டுக்குள் வைத்துக்கொண்டு, மூக்கைப் பொத்தாமல் இருக்கப் பழகிக்கொண்டிருக்கிறேன். இந்த மடலை எழுதி முடிப்பதற்குள் இரண்டு தடவை கை மூக்குக்குப் போய்விட்டது.