மாலை விழுந்த வேறொரு முகம்

12-1-1972
அரையாண்டுத் தாள்களை ஒருவழியாகத் திருத்தி முடித்தேன். அம்மா இன்றும் தம்பி ஜெபராஜுக்கு ஒரு தட்டு எடுத்து வைத்தாள். டிசம்பர் பாகிஸ்தான் சண்டையில் அவன் இருந்த கப்பல் முழுகிப்போனது. தந்தியில் ‘காணவில்லை’ என்றுதானே இருந்தது, செத்தான் என்றா இருந்தது என்கிறாள்.

18-1
அரிசி மில் தசரதன் வந்தார். குடியரசு தினத்தன்று தாம்பரம் ஸ்டேஷன் எதிரில் ஜெபாவின் படத்தை ஆளுயரத்துக்கு வைத்து மாலை போடப் போகிறார்களாம். “இன்னா டீச்சர், நம்ம ஊரு புள்ள! இருபத்திரண்டு வயசுல உயிரக் குடுத்துகீறான். பாக்குற பசங்க நாளைக்கே நேவில சேரணும்.”

“எம் புள்ள உசுரோட இருக்கான். படத்துக்கு மாலை போடாதீங்க” என்றாள் அம்மா. அவர் காதில் விழுந்தால்தானே! யூனிபாரத்தில் அவன் இருக்கும் ஒரே போட்டோவை வாங்கிக்கொண்டு போய்விட்டார். பம்பாய் ஸ்டூடியோவில் கப்பல் கூட்டாளி ஏகநாதனோடு எடுத்தது.

25-1
ஸ்டேஷன் எதிரில் படத்தை நிறுத்திவிட்டார்கள். ஐயோ! கீழே ‘கடல் வீரன் ஜெபராஜ்’. மேலே ஏகநாதன் — அகன்ற தோளும் அடர்ந்த தாடியுமாக. எங்கள் ஜெபா ஒல்லிக்குச்சி.

நேரே மில்லுக்குப் போய்க் கத்தினேன். தசரதன் தலையைச் சொறிந்தார். “ரெண்டு பேர்ல யாருன்னு பெயிண்டர் கேட்டான். வாட்டசாட்டமா கீறவன்தான் வீரன்னு நெனச்சிட்டேன். இனிமே மாத்த டயம் ஏது டீச்சர்?”

ஆத்திரத்தோடு அம்மாவிடம் சொன்னேன். சிரிக்கிறாள்! “நல்லதாப் போச்சு. மாலை எம் புள்ள மேல விழாது. நீ சும்மா இரு.”

26-1
பேண்டு, கொடி, பேச்சு. அந்த முகத்தைப் பார்த்து ஊரே வாழ்க என்றது. முன்வரிசையில் அம்மா நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள்.

9-3
தட்டு வைப்பதை நிறுத்தச் சொல்ல எனக்கென்ன உரிமை?

22-4
மத்தியானம் கதவைத் தட்டினது ஏகநாதன். இத்தனை நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தானாம். முகம் வெளுத்திருந்தது. “அக்கா, ஸ்டேஷன் எதிர்ல எம் படத்துக்கு மாலை போட்டிருக்காங்களே?”

நான் பதில் சொல்வதற்குள் அம்மா வந்துவிட்டாள். “நீ அவன்கூடவா இருந்தே?”

“ஆமாம்மா. மிதவைல ஒரு ஆளுக்குத்தான் இடம் இருந்துச்சு. என்னைத் தூக்கி ஏத்திவிட்டான். திரும்பிப் பாக்கறப்ப... அவன் இல்லம்மா.”

“அந்த ஒல்லிப் பயலா? உன்னையா தூக்கினான்?”

“ஆமாம்மா.”

அம்மா உள்ளே போனாள். ஜெபாவின் தட்டில் சோறு போட்டுக் கொண்டுவந்து ஏகநாதன் முன்னால் வைத்தாள். “சாப்பிடு.” அவன் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். நான் கிணற்றடிக்குப் போய் அழுதேன்.

23-4
விடிந்ததும் குளித்துவிட்டு அம்மா மில்லுக்குக் கிளம்பினாள். நானும் கூடப் போனேன். தசரதன் பதறிப்போய் எழுந்து நின்றார்.

“எம் புள்ளைய வரையச் சொல்லுங்க” என்றாள். “ஒல்லியாவே வரையட்டும். மாலைய நான் போடுறேன்.”